மாத்திரை விழுங்கிய பாட்டிமார்களுக்கு

பிரான்சு நாட்டு முதியோர் இல்லங்களில் வாழ்ந்த பாட்டிமார்களுக்கும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பாட்டிமார்களுக்கும் மதுரையிலிருந்து ஒரு மடல்.

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உங்களுக்குப் பெயர் கிடையாது. எண்ணிக்கையும் வயதும்தான் இருக்கின்றன. பிரான்சில் 3,270 பேர், சராசரி வயது 84. விக்டோரியாவில் 2,256 பேர், எல்லோரும் 70 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். முதல் ஆய்வின் முடிவு 1992-இல் வெளிவந்தது, இரண்டாவது 2010-இல். பிரான்சுப் பாட்டிமார்கள் யாரும் இன்று இருக்க வழியில்லை. விக்டோரியாவில் சிலர் இருக்கலாம். இந்த மடல் யார் கைக்கும் போய்ச் சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எலும்பு முறிவு வார்டில் செவிலியாக இருந்த காலமெல்லாம் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் சொன்ன யோசனைகளில் பல, நீங்கள் உங்கள் உடம்பைக் கொடுத்துக் கண்டுபிடித்துத் தந்தவை. கேட்டுக்கொண்டவர்களுக்கு அது தெரியாது. கடன் வாங்கியவர்கள் கொடுத்தவரை அறியாமலே இருப்பது நியாயமில்லை.

எதற்கு எதிராக நீங்கள் அந்த மாத்திரையை விழுங்கினீர்கள் என்பதை இங்கே படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். இடுப்பு முறிந்த பாட்டியை ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போதே தெரிந்துவிடும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே வார்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒண்ணுமில்ல தாயி, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சேன். தரை ஈரமாக் கெடந்துச்சு." மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற இடத்தில் விழுந்ததற்கே தொடை எலும்பின் மேல்முனை முறிந்துபோகிறது. அதன் பிறகு அறுவை சிகிச்சை, படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, சிறுநீர்க் குழாய், கை ஊன்றி எழக் கற்றுக்கொள்ளும் வாரங்கள். பல நாடுகளின் கணக்கிலும், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை. அதுவரை தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்த பாட்டி, அதற்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

பிரான்சுப் பாட்டிமார்களே, இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் இல்லங்களிலும் ஒரு நாள் விழுந்து ஆம்புலன்சில் போனவர்கள் திரும்பி வராமல் இருந்திருப்பார்கள். லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மாரி ஷபுய், பியர் மெனியே ஆகியோரின் குழு உங்களிடம் வந்து கேட்டது இதுதான்: தினமும் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தால் இந்த முறிவு குறையுமா? உங்களில் 1,634 பேருக்கு உண்மை மருந்து. மற்ற 1,636 பேருக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மருந்து. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு மாதம். எண்பத்து நான்கு வயதில் ஏற்கெனவே பிரஷருக்கும் மூட்டு வலிக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னொன்றும் சேர்வது சின்ன விஷயமில்லை. ஒரு வாரம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாலே "போதும் தாயி" என்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்பது இன்று நன்றாகவே தெரிகிறது. வைட்டமின் டி குறைந்தால் சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. ஆனால் இதயம் துடிப்பதற்கும் தசை இயங்குவதற்கும் ரத்தத்தில் அந்தச் சத்து குறையாமல் இருந்தாக வேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள் உடனே ஒரு ஹார்மோனை அதிகமாகச் சுரந்து எலும்பிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் வராத மாதத்தில் அம்மா அஞ்சறைப் பெட்டியில் சேர்த்து வைத்த காசை எடுத்துச் செலவு செய்கிற மாதிரிதான். இரண்டு மாதம் ஓட்டலாம். வருஷக்கணக்கில் எடுத்தால் பெட்டி காலி. உங்களில் உண்மை மருந்து எடுத்தவர்களுக்கு அந்த ஹார்மோன் வெகுவாக இறங்கியது. தொடை எலும்பின் அடர்த்தி சற்றுக் கூடியது. வெறும் மருந்து எடுத்தவர்களுக்குக் குறைந்தது. ஆய்வை முழுதாக முடித்தவர்களில், மருந்து எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைவாக இருந்தது.

வெறும் மருந்து விழுங்கிய 1,636 பேருக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். மருந்து கிடைத்தவர்களுக்குப் பலனாவது கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. உங்கள் இடுப்புகள் வழக்கம்போல முறிந்தன, அவை எண்ணப்பட்டன. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் மற்றவர்களின் 43 சதவீதத்துக்குப் பொருளே இருந்திருக்காது. எண்பது வயதைத் தாண்டி, வெயிலில் நடமாட்டமில்லாமல் இல்லங்களில் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி-யையும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துக் கொடு என்று இன்று பல நாடுகளில் சொல்வதற்கு நீங்கள் ஒரு முக்கிய அடிப்படை. சேர்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2014-இல் சொன்னது இதுதான்: வைட்டமின் டி-யை மட்டும் தனியாகக் கொடுத்தால் முறிவு குறைவதாகத் தெரியவில்லை, சுண்ணாம்புச் சத்தோடு சேரும்போதுதான் இடுப்பு முறிவு குறைகிறது. நம் ஊரில் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். மாத்திரை எழுதி வாங்குகிறோம். கேழ்வரகும் மோரும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் தட்டில் இருக்கின்றனவா என்று கேட்பதில்லை.

"நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன குறைச்சல் சிஸ்டர்? வைட்டமின் டி கம்மின்னு எப்படி வரும்?" வார்டில் மகன்களும் மருமகள்களும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வெயிலும் மருந்துதான் என்பதை நிரூபித்தவர்களும் உங்களைப் போன்ற பெயர் தெரியாதவர்களே. முதல் உலகப் போர் முடிந்து பட்டினியில் கிடந்த வியன்னா நகரில், எலும்பு வளைந்த குழந்தைகளிடையே 1919 முதல் 1922 வரை ஹேரியட் சிக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வேலை செய்தார்கள். மீன் எண்ணெய் கொடுத்தாலும் குணமாகிறது, வெயிலில் படுக்க வைத்தாலும் குணமாகிறது என்று எக்ஸ்ரே படத்தோடு காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் என் நன்றி.

ஆனால் குழந்தையின் தோலும் பாட்டியின் தோலும் ஒன்றல்ல. வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். எழுபது வயதுத் தோல், இளம் தோல் உருவாக்குவதில் பாதியைக்கூட உருவாக்குவதில்லை. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். காலை ஆறரை மணிக்கு நடைப்பயிற்சி போகிறவர்கள் கால்களுக்கு நல்லது செய்கிறார்கள். ஆனால் அந்த இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் போதுமான கதிர் வருகிறது. மதுரையில் சித்திரை வைகாசி மாதங்களில் அந்த நேரத்தில் முதியவரை வெளியில் உட்கார வைப்பதே ஆபத்து. போதாததற்குப் புடவை, முழுக்கை ரவிக்கை, முக்காடு, நாள் முழுக்க அடுப்படி. வேலூரில் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புத் தேய்மானமும் இருந்தது. தமிழ்நாட்டிலேயே வெயிலுக்குப் பேர்போன ஊர் வேலூர்.

சிட்னி நகரின் வடபகுதியில் 51 முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 602 பேர் வெயிலையே மருந்தாக எடுத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். சராசரி வயது 86. ஒரு பகுதியினரை வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது நிமிடம் வெளியே அழைத்துப் போய் உட்கார வைப்பது என்று ஏற்பாடு. 2012-இல் முடிவு வந்தது. கீழே விழுவது குறையவில்லை. காரணத்தைப் படித்தபோது எனக்கு வார்டே கண்முன் வந்தது: குறித்த தடவைகளில் ஏறத்தாழ கால்வாசிக்குத்தான் அவர்களால் வெளியே வர முடிந்திருக்கிறது. ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பி, செருப்பு மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சேலையைச் சரிசெய்து, வராந்தாவைத் தாண்டி வெயிலுக்குக் கொண்டுபோய், அரை மணி நேரம் கூடவே இருந்து, திரும்பக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். வெயில் இலவசம்தான். தள்ளிக்கொண்டு போகிற கை இலவசமில்லை. தவறாமல் வந்தவர்கள் குறைவாக விழுந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. ஆனால் தவறாமல் வர முடிந்தவர்கள் ஏற்கெனவே திடமானவர்களாக இருந்திருக்கலாம். சிட்னி முதியவர்களே, முடிந்த நாளில் வந்து உட்கார்ந்ததற்கும், முடியாத நாளில் முடியவில்லை என்று சொன்னதற்கும் நன்றி. படுக்கையோடு கிடக்கும் மாமியாரை வெயிலில் வைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் மருமகளுக்கு, "அது உன் குற்றமில்லம்மா" என்று சொல்லும் தைரியத்தை நீங்கள் கொடுத்தீர்கள்.

இனி விக்டோரியாப் பாட்டிமார்களிடம் பேச வேண்டும். உங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்களுக்கு வந்த யோசனை நல்ல எண்ணத்தில் பிறந்தது. தினமும் மாத்திரை என்றால் மறந்துபோகும். வருஷத்துக்கு ஒரே தடவை, குளிர்காலம் வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிட்டால் என்ன? ஐந்து லட்சம் யூனிட். கேட்க மலைப்பாக இருந்தாலும், 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 1,370 யூனிட்டுக்குள்தான் வரும். யாரும் அஞ்சத்தக்க அளவில்லை. எலும்பு முறியும் அபாயம் அதிகம் என்று தெரிந்துதான் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கெரி சாண்டர்சும் அவருடைய குழுவினரும் மூன்று முதல் ஐந்து ஆண்டு உங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முறிவு குறையும் என்றுதான் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நீங்களும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

நடந்தது தலைகீழ். வைட்டமின் டி எடுத்தவர்களிடம் 171 முறிவுகள். வெறும் மருந்து எடுத்தவர்களிடம் 135. கீழே விழுந்த தடவைகளும் அப்படியே: ஒரு பக்கம் 2,892, இன்னொரு பக்கம் 2,512. மருந்து விழுங்கிய முதல் மூன்று மாதத்தில்தான் அதிகமாக விழுந்திருக்கிறீர்கள். மொத்தமாகக் கொட்டிய மருந்து ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விளக்கம் இல்லை. எலும்பைக் காக்க வந்த மருந்து, மூன்று மாதத்துக்குள் சமையலறையிலோ தோட்டத்துப் படியிலோ உங்களைக் கீழே தள்ளியது. நீங்கள் எழுந்து, நாள்காட்டியில் "இன்று விழுந்தேன்" என்று குறித்து அனுப்பினீர்கள். எனக்குத் தெரிந்த வரையில் மருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. பலன் கிடைத்ததைச் சொல்ல எல்லோரும் இருப்பார்கள். தனக்குக் கெடுதல் நேர்ந்ததைத் தவறாமல் எழுதிக் கொடுப்பவர்கள் அபூர்வம்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. தாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான முடிவை மூடி மறைக்காமல் 2010-இல் அச்சில் ஏற்றினார்கள். அதனால்தான் அது மதுரைக்கு வந்து சேர்ந்தது.

மதுரைக்கு ஏன் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் இன்றும் ஆறு லட்சம் யூனிட் ஊசி கிடைக்கிறது. "ஒரே ஊசிதான்மா, வருஷம் முழுக்கத் தாங்கும்" என்று சொல்லிப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலில் கலக்கும் 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டும் அதே அளவு கேப்சூலும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. பற்றாக்குறை இருப்பது உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று என எட்டு வாரம் கொடுப்பது இங்கே வழக்கமான சிகிச்சை. அதை நான் குறை சொல்லவில்லை. என் கவலை ஒன்பதாவது வாரத்தைப் பற்றியது. எட்டு வாரத்துக்குப் பிறகு நிறுத்தச் சொன்னது யாருக்கும் நினைவிருப்பதில்லை. மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புதிது தருகிறார்கள். கால் வலி போகவில்லையே என்று அண்டை வீட்டு அக்காவும் அதையே வாங்கிக் குடிக்கிறார். வாரம் 60,000 என்றால் நாளுக்கு எட்டாயிரத்தைந்நூறுக்கும் மேல். கனடாவின் கால்கரி நகரில் 311 பேர் மூன்று ஆண்டு தினமும் 400, 4,000, 10,000 யூனிட் என்று பிரித்து எடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு எடுத்தவர்களின் கை எலும்பு அடர்த்தி, 400 எடுத்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. 2019-இல் வந்த முடிவு இது. கூடக் கூட நல்லது என்கிற நம்பிக்கையை உடைத்தவர்கள் விக்டோரியாப் பாட்டிமார்களாகிய நீங்கள். அதை உறுதிப்படுத்தியவர்கள் கால்கரிக்காரர்கள்.

அமெரிக்காவில் இன்னும் பெரிய கூட்டம் ஒன்று சேர்ந்தது: 25,871 பேர். தினம் 2,000 யூனிட் அல்லது வெறும் மாத்திரை, ஐந்து ஆண்டுக்கு மேல். 2022-இல் எலும்பு முறிவுக் கணக்கு வந்தது. வைட்டமின் டி எடுத்தவர்களில் 769 பேருக்கு முறிவு, எடுக்காதவர்களில் 782 பேருக்கு. வித்தியாசம் இல்லை. இவர்கள் பற்றாக்குறைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். நடமாட்டத்தோடு, பெரும்பாலும் போதிய சத்தோடு இருந்தவர்கள். இதையும் பிரான்சு, விக்டோரியா முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. இல்லாதவருக்குச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துக் கொடுத்தால் எலும்பு காக்கும். இருப்பவருக்கு மேலும் கொடுப்பதால் ஒன்றும் கூடாது. அளவாகத் தினமும் கொடு, மொத்தமாகக் கொட்டாதே. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மருந்து தேவைப்பட்டால் இடைவெளி விட்டுப் பெரிய அளவு கொடுப்பதைவிடத் தினமும் சிறிய அளவு கொடுப்பதே மேல் என்றுதான் சொல்கிறது. விக்டோரியாப் பாட்டிமார்களே, அந்த வரிக்குப் பின்னால் உங்கள் 171 முறிவுகள் இருக்கின்றன.

வைட்டமின் டி-யைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் என் வார்டு பாட்டிமார்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். முறிவுக்கு முன்னால் ஒரு விழுதல் இருக்கிறது. பாத்ரூமில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சின்ன விளக்கு, கால் தட்டாத மிதியடி, கண்புரைக்கு உரிய காலத்தில் அறுவை, தூக்க மாத்திரை உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு கேள்வி. சின்ன அடியிலேயே ஒரு தடவை எலும்பு முறிந்துவிட்டால், தேய்மானத்துக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் பாக்கெட் அவற்றுக்கு ஈடாகாது. கட்டுப் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் மாற வேண்டும். முதல் முறிவோடு வருகிறவர் இரண்டாவது முறிவோடு வராமல் பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

பாட்டிமார்களே, உங்கள் பேரன் பேத்திகளுக்குக்கூட இது தெரியாமல் இருக்கலாம். மதுரையில் ஒரு வார்டில், உங்கள் மொழி தெரியாத பெண்கள், உங்களால் குறைவாக விழுந்தார்கள். சிலருக்கு அந்த ஊசி போடப்படாமல் தடுக்கப்பட்டது. சிலருக்குப் பாக்கெட் உரிய வாரத்தில் நிறுத்தப்பட்டது. அவர்கள் சார்பில் நன்றி சொல்கிறேன். நிறையப் பேர் சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது.

இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். எங்கேயாவது ஒரு மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டு யாராவது படிவத்தை நீட்டினால், உடனே கையை உதறாமல் உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மனம் ஒப்பினால் சேருங்கள். அடுத்தது, இன்றைக்கே செய்யக்கூடியது. உங்கள் வீட்டுப் பெரியவரின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். 60,000 யூனிட் பாக்கெட்டோ கேப்சூலோ இருந்தால், எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை வாரத்துக்கு எழுதப்பட்டது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். நிறுத்தும் தேதி இல்லாவிட்டால், அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கேளுங்கள்.


ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.